இருபத்தொன்பதாவது கயிறு

அன்று சில்வர் ஓக் மரத்தடியில் இருந்தவர்கள்: கீழ் லைன் முதல் வீட்டிலிருந்து சூசை, அவர் மனைவி விக்டோரியா, மூன்று பிள்ளைகள், ஆக ஐந்து. இரண்டாம் வீட்டிலிருந்து இருளாயி, அவளுடைய இரண்டு மகன்கள், ஒரு மருமகள், ஆக நான்கு, முன்னதோடு ஒன்பது. மூன்றாம் வீட்டிலிருந்து லாரி ஓட்டுகிற அமல்ராஜ், மனைவி, தாயார், நான்கு பெண்கள், ஆக ஏழு, முன்னதோடு பதினாறு. நான்காம் வீட்டிலிருந்து மாடசாமியும் பார்வையில்லாத அவர் அண்ணன் காளிமுத்துவும், பதினெட்டு. மேல் லைன் முதல் வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா எலிசபெத், பத்தொன்பது. இரண்டாம் வீட்டிலிருந்து கோயிலில் விளக்கேற்றும் முனியாண்டி, மனைவி, ஆறு பிள்ளைகள், இருபத்தேழு. மேல் லைன் கடைசி வீட்டிலிருந்து நான், தவசி, இருபத்தெட்டு.

குருவம்மாவும் இருந்தாள். அவளை நான் எண்ணவில்லை.

எண்ணாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் தேயிலை எஸ்டேட்டின் ஆறாம் டிவிஷனில் காலையில் ஆள் எண்ணி மஸ்டர் எழுதுவது என் வேலை, லைன் என்கிற வரிசை வீடுகளில் எதில் யார் இருக்கிறார்கள் என்ற ரெஜிஸ்தரும் என்னிடம்தான் இருந்தது, அந்த ரெஜிஸ்தரில் குருவம்மாவின் பெயர் இல்லை. அவள் டெம்பரவரி ஆள். டெம்பரவரி ஆளுக்கு எஸ்டேட்டில் வீடு கிடையாது, வீடு இல்லாதவருக்கு ரெஜிஸ்தரில் வரி கிடையாது. கீழ் லைனுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் ஒரு பக்கத்தை மண் பூசி அடைத்துக்கொண்டு அவள் இருந்தாள், இருந்ததை எல்லாரும் பார்த்தோம், ஆனால் விறகுக் கொட்டகையில் விறகு இருக்கிறது என்றுதான் எழுத முடியும்.

முந்தின வாரம் யானைகள் வந்து அமல்ராஜ் வீட்டுப் பின்சுவரை இடித்து அரிசி மூட்டையை எடுத்துப் போயிருந்தன. யானை வந்தால் அடிப்பதற்கென்று ஃபாக்டரியிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டும் அதைத் தொங்கவிட ஓர் இரும்புக் கம்பமும் கொடுத்தார்கள். எங்கே நடுவது என்பதில் மேல் லைனுக்கும் கீழ் லைனுக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. மூன்றாம் நாள் எல்லை அளக்க வந்திருந்த ஒரு சர்வேயர் எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு, ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டே, "எல்லாருக்கும் சென்டர்ல வைங்கப்பா, பிரச்சினை முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்காகத்தான் மரத்தடியில் கூடினோம். சென்டர் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும், ஒருவரும் கேட்கவில்லை.

"சென்டர்னா கடைதானே" என்றார் அமல்ராஜ். "பொள்ளாச்சியில போட்டோ சென்டர், ஜெராக்ஸ் சென்டர் எல்லாம் இருக்கே."

"ஹெல்த் சென்டர்ல என்ன கடையா வச்சிருக்காங்க, ஊசிதான் போடுறாங்க" என்றாள் எலிசபெத்.

"அப்ப யானைக்கு ஊசி போடப் போறியாக்கா நீ" என்றாள் இருளாயி.

நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. ஆனாலும் தவறான கணக்கு காதில் விழுந்தால் எனக்குப் பொறுக்காது. சென்டர் என்றால் நடு என்று சொன்னேன். நடு என்றால் அந்த ஆள் நடு என்றே சொல்லியிருப்பாரே, அவரும் தமிழ் பேசுகிறவர்தானே, இங்கிலீஷில் சொன்னார் என்றால் அதில் கூடுதலாக ஏதோ இருக்கிறது என்று சூசை சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். அந்த ஐந்தாவதில் வாத்தியார் காம்பஸை வைத்து வட்டம் போட்டது நினைவுக்கு வந்தது, காம்பஸ் ஊசி தாளில் குத்தின ஓட்டைக்கு அவர் அந்தப் பெயரைத்தான் சொன்னார். ஒரு குச்சியால் தரையில் வட்டம் போட்டுக் காட்டினேன். "வட்டத்துல எங்க நின்னு அளந்தாலும் அதுக்கு ஒரே தூரம். யாருக்கும் கிட்டயும் இல்ல, யாருக்கும் எட்டவும் இல்ல."

"உங்கள மாதிரின்னு சொல்லுங்க மஸ்டரய்யா, புரிஞ்சிரும்" என்றாள் இருளாயி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன். ஆனால் அவள் சொன்னது சரி. எல்லாரிடமும் ஒரே தூரத்தில் நிற்கிறவன் என்பதால்தான் என்னிடம் மஸ்டர் நோட்டைக் கொடுத்திருந்தார்கள், அந்த நோட்டைக் கையில் வைத்திருக்கும்வரை எனக்கும் வேறு தூரத்தில் நிற்கத் தெரியவில்லை. கல்யாணம் ஆகவில்லை. குதிகாலையும் விரலையும் ஒட்டவைத்து அடி அளந்து நடக்கும் பழக்கம் உண்டு. மஸ்டரய்யா ஆடியில் டவுனுக்குக் கிளம்பினால் தீபாவளிக்குப் போய்ச் சேர்வார் என்று பிள்ளைகள் சொல்லும்.

நடுவைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் நானே சொன்னேன். ஒவ்வொரு வீட்டு வாசல்காலிலும் ஒரு கயிறு, எல்லாக் கயிற்றின் மறுமுனையும் ஒரே இரும்பு வளையத்தில், ஒரே அளவாக இழுத்தால் வளையம் எங்கே நிற்கிறதோ அதுதான் சென்டர். சூசை தலையை ஆட்டினார். "வாசக்கால் கம்பெனியுது தவசி. சுவரு, ஓடு, தாழ்ப்பாள் எல்லாம் கம்பெனியுது. பூட்டிட்டுப் போன்னா போக வேண்டியதுதான். இங்க நம்மதுன்னு இருக்கறது ஆளுதான். ஆளுல கட்டு."

அந்த இடத்தில்தான் தப்பு நடந்தது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எங்களுக்கு அது தப்பாகத் தெரியவில்லை, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. துணி காயப்போடும் கொடி, விறகு கட்டும் கயிறு, மாட்டுக் கயிறு, சேலைக் கிழிசல் எல்லாவற்றையும் முடிந்து, ஆளுக்கு ஒன்றாக இருபத்தெட்டுக் கயிறு தயார் செய்து, கைப்பிள்ளையிலிருந்து அமல்ராஜின் தாயார்வரை எல்லார் இடுப்பிலும் நானே கட்டினேன். கடைசியில் குருவம்மா வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும் அப்போது. தலைத்துண்டை அவிழ்க்கவில்லை.

"எனக்கு?"

"ரெஜிஸ்தர்ல பேர் இல்லயேம்மா."

அவள் என் கையிலிருந்த மிச்சக் கயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "கயிறு பத்தலையா, மனசு பத்தலையா மஸ்டரய்யா?"

நான் மிச்சக் கயிற்றைச் சுருட்டி வைத்தேன். அவள் போய்விடவில்லை. இருபத்தெட்டுப் பேரும் அவரவர் வாசலில் போய் நின்று பின்னால் சாய்ந்தபோது, வளையம் ஆகாயத்தில் நடுங்கி நடுங்கி ஓரிடத்தில் நிலைத்தது, அதன் அடியில் தரையில் அடையாளம் போட வேண்டும், ஆனால் போட ஆள் இல்லை, எண்ணப்பட்ட எல்லாரும் கட்டப்பட்டிருந்தோம். அப்போது குருவம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கயிற்றின் கீழும் குனிந்து குனிந்து உள்ளே போய், வளையத்துக்கு நேர் கீழே குத்தினாள், குழி தோண்டினாள், கம்பத்தை நிறுத்திக் கல்லைப் போட்டு இறுக்கினாள். வளையத்தையும் கம்பத்தின் கழுத்தில் மாட்டினாள். எங்கள் சென்டரை நட்டவள் அவள்.

இரண்டு மாதம் கம்பம் நட்ட இடத்தில்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அமல்ராஜின் மூத்த பெண்ணைக் கிணத்துக்கடவில் கொடுத்தார்கள். எங்கள் ஓடைப்பாலம் வண்டி தாங்காது என்பதால் ஜீப் அந்தப் பக்கமே நிற்கும், பெண்ணும் மாப்பிள்ளையும் பாலம்வரை நடந்து போனார்கள், அவள் பாலத்தைத் தாண்டியதும் கம்பம் மேல் லைன் பக்கமாக நான்கு அடி நகர்ந்தது. தரை பிளக்கவில்லை, புல் மடியவில்லை, தண்ணீரில் தோணி போவதுபோலப் போய் நின்றது. மஞ்சள் பூச வந்த விக்டோரியா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான்கு அடி நடந்து அங்கே பூசினாள். அவ்வளவுதான் அன்று நடந்தது.

நான் அளக்கத் தொடங்கினேன். இருபத்தேழு பேரில் ஒருவர் இருபத்தேழு அடி நடந்தால் கம்பம் அந்தத் திசையில் ஓர் அடி வைத்தது. காலையில் எல்லாரும் கொழுந்து எடுக்கப் போனால் அதுவும் தேயிலைச் செடிகளுக்குள் ஒரு செடியையும் ஒடிக்காமல் கூடவே போய், சாயங்காலம் கூடவே திரும்பியது. இதற்கும் ஒரு நாள் கூலி போடுங்கள் மஸ்டரய்யா என்று பெண்கள் கேலி செய்தார்கள். கம்பம் ஃபீல்டுக்குள் வரக் கூடாது என்று மேனேஜர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார், நோட்டீஸை வேறு எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் கம்பத்திலேயே ஒட்டினார், அது நோட்டீஸோடு ஃபீல்டுக்குப் போய்வந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் சொல்லாகிவிட்டது. சென்டர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பால் வாங்கப் போனார்கள், சென்டர் ஓடைப்பக்கம் சாய்ந்திருந்தால் ஆண்கள் குளிக்கிறார்கள் என்று பெண்கள் நின்றுகொண்டார்கள். பொய் சொன்ன பிள்ளையைச் சென்டரைத் தொட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஆறு பிள்ளை பெற்று முனியாண்டி சென்டரைத் தன் வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டான் என்று இருளாயி மூன்று மாதம் புகைந்தாள், பிறகு அவள் மருமகள் உண்டானதும் விட்டுவிட்டாள். பிள்ளை பிறந்த அன்று கம்பம் மூன்றடி கீழ் லைன் பக்கம் வந்தபோது இருளாயி எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தாள். அதற்கு முன்பே பார்வையில்லாத காளிமுத்து இறந்திருந்தார். ஒரு விடியலில் எவரும் வாசலுக்கு வராத நேரத்தில் கம்பம் ஒரு தடவை அசைந்து நின்றது, நாங்கள் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்து நான்காம் வீட்டில் நின்றோம். செத்தவர்களை அது எண்ணவில்லை. பாலம் தாண்டியவர்களை எண்ணவில்லை, திரும்பி வந்தால் எண்ணியது. யானைகளை எண்ணவில்லை, அதையும் அளந்து பார்த்தேன்.

குருவம்மாவை எண்ணியதா என்று மட்டும் நான் அளந்து பார்க்கவில்லை. கையில் நூல் இருந்தது, நேரம் இருந்தது, அவள் தினமும் ஓடைக்கும் கொட்டகைக்கும் நடந்தாள். அளந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால் அளக்கவில்லை.

வருஷங்கள் போயின. சாவுக்கும் பிறப்புக்கும், போன பெண்ணுக்கும் வந்த பெண்ணுக்கும் சரியாகப் போய், எண்ணிக்கை இருபத்தேழாகவே நின்றது. தேயிலைக்கு விலை இல்லை என்றார்கள், ஆறாம் டிவிஷனை மூடிக் காட்டோடு சேர்க்கப் போவதாகச் சொன்னார்கள், கீழே சமவெளியில் ஆளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதாகவும் சொன்னார்கள். வீட்டுக்கான பட்டியலுக்கு என் ரெஜிஸ்தரைத்தான் வாங்கிப் போனார்கள். பட்டியல் திரும்பி வந்தபோது அதில் எல்லாரும் இருந்தார்கள், குருவம்மா இல்லை. நான் ஆபீசுக்குப் போய் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். "என்ன தவசி" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பட்டியலில் பார்த்ததை அவளிடம் போய்ச் சொன்னது இருளாயிதான். குருவம்மா கேட்டுவிட்டு, அன்றைக்கு வெட்டிய விறகை அடுக்கிக்கொண்டிருந்தாளாம்.

முதலில் முனியாண்டி குடும்பம் போனது, எட்டுப் பேர், மிச்சம் பத்தொன்பது. அமல்ராஜ் வீட்டில் ஆறு பேர், மிச்சம் பதின்மூன்று. இருளாயி பேரனோடு சேர்த்து ஐந்து, மிச்சம் எட்டு. போகும்போது அவள் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்து, "மஸ்டரய்யா, அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் வழி பண்ணுங்க" என்றாள். பிள்ளை என்று அவள் சொன்ன குருவம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. சூசை வீட்டில் ஐந்து பேர், மிச்சம் மூன்று.

ஆள் குறையக் குறையக் கம்பம் வழியனுப்பும் தூரம் கூடியது. இருபத்தெட்டுப் பேர் இருந்தபோது போகிற ஓர் ஆளோடு அது நாலடிதான் போனது, எட்டுப் பேரானபோது ஓர் ஆளுக்குப் பாதையில் எட்டில் ஒரு பங்கு போனது, மூன்று பேரானபோது பாதையில் மூன்றில் ஒரு பங்கு போய் நின்று பார்த்துவிட்டு வந்தது. எலிசபெத் போன அன்று பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தவள், "அது என்னைத் தேடி இவ்ளோ தூரம் வருதே" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மிச்சம் இரண்டு. மாடசாமியும் நானும்.

மாடசாமி ஒரு கார்த்திகை மாதம் அண்ணன் படத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். "வாய்யா தவசி. உனக்கும் வீடு வந்திருக்கு. பக்கத்துப் பக்கத்து வீடு. இங்க இருந்து என்னத்த எண்ணப் போற?"

"எண்ணி முடிக்கல."

"ஒரு ஆளு. அத எண்ண எவ்ளோ நேரம்?"

அவர் விறகுக் கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், சாக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு போனார். கம்பம் பாதி வழி அவரோடு போனது. அவர் பாலத்தைத் தாண்டியதும் நின்றது, திரும்பியது, ஓடைச் சரிவில் ஏறி, காலியான வீடுகளைத் தாண்டி, நேராக என்னிடம் வந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

அன்றிலிருந்து அது என்னை விட்டு நகரவில்லை. நான் ஓடைக்குப் போனால் ஓடைக்கு வந்தது, செடிக்குள் ஒதுங்கினால் அங்கேயும் வந்து நின்றது, திரும்பி நில் என்று சொல்லலாம், அதற்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது. வீட்டுக்குள் நான் எந்த மூலையில் படுத்திருந்தேனோ அந்த மூலைச் சுவருக்கு வெளியே நின்றது. ஊரெல்லாம் ஓடிப்போய் அடிக்க வேண்டிய மணி, கை நீட்டினால் அடிக்கும் தூரத்தில் எனக்கு மட்டும் தொங்கியது. ஐந்தாவதில் வாத்தியார் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வட்டத்தில் ஆள் இல்லாமல் போனாலும் ஊசி குத்தின ஓட்டை தாளில் இருக்கும்.

சாயங்காலங்களில் கீழே கொட்டகையிலிருந்து புகை வரும். அந்தப் புகையைப் பார்த்துத்தான் நானும் அடுப்பு மூட்டினேன். எங்கள் இருவருக்கும் இடையில் என் பாதத்தால் இருநூற்று நாற்பது அடி. மாடசாமி போன பிறகு இருபத்தொரு நாள் நாங்கள் பேசவில்லை. அவளிடம் போய் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று நான் தினமும் யோசித்தேன், யோசித்து முடிப்பதற்குள் புகை அடங்கிவிடும்.

இருபத்திரண்டாம் நாள் அந்தி இறங்கும் நேரத்தில் கீழே தட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன், கொட்டகைக்கு முன்னால் ஒரு தனி யானை நின்றது, அதன் நெற்றி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அடி எண்ணாமல் ஓடினேன். கம்பம் ஒரு சாண் தள்ளி என்னோடு ஓடியது. நான் தண்டவாளத்தை அடிக்க அடிக்க, அவள் தட்டை அடிக்க அடிக்க, யானை கொஞ்ச நேரம் இரண்டு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கூரையில் ஒரு தகரத்தை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு, அவசரமில்லாமல் காட்டுக்குள் போனது.

குருவம்மா தட்டைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்கவில்லை, கம்பத்தைத்தான் பார்த்தாள்.

"குழி தோண்டினது நான்" என்றாள்.

"ஆமா."

"நான் இங்க நிக்கறது யானைக்குத் தெரியுது. இதுக்குத் தெரியல."

நான் கீழே கிடந்த தகரத்தை எடுக்கப் போனேன்.

"இனி யானை வந்தா முதல்ல உங்களுக்குச் சொல்லி விடணுமா? அதுவரைக்கும் யானைய இருக்கச் சொல்லணும்." அவள் தகரத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். "போங்க, இருட்டப் போவுது. உங்க சென்டரையும் கூட்டிட்டுப் போங்க."

போனேன். அதுவும் வந்தது.

மறுநாள் காலையில் காலி வீடுகளுக்குள் ஒவ்வொன்றாகப் போனேன். போனவர்கள் சாமான்களை எடுத்துப் போயிருந்தார்கள், கொடிக் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. சூசை வீட்டில் ஒன்று, முனியாண்டி வீட்டில் மூன்று, எலிசபெத் வீட்டில் நீலநிற நைலான் கயிறு ஒன்று, எல்லாவற்றையும் முடிந்து முடிந்து நீட்டினேன், ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கம்பத்தின் கழுத்திலிருந்த பழைய வளையத்தைக் கழற்றி அதில் ஒரு முனையைக் கட்டினேன். மறுமுனையை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றேன்.

அவள் உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து கயிற்றைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு? ஆளு குறைஞ்சதுல கயிறு மிச்சமாயிருச்சா?"

சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ரெஜிஸ்தரைப் பற்றி, கம்பெனி விதியைப் பற்றி, ஆபீஸ் வாசலில் நின்ற ஒரு மணி நேரத்தைப் பற்றி. ஒன்றும் வரவில்லை.

"எண்ணினதுல தப்பு" என்றேன். "அன்னைக்கு மரத்தடியில இருபத்தொன்பது."

அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி தட்டியது, அவள் போய் அதை இறக்கி வைக்கவில்லை.

"இருபத்தாறு வருஷமாச்சு இந்தக் கூட்டல் போட."

"ஆமா."

"நான் கீழ வரமாட்டேன், வீடு குடுத்தாலும். அதுக்காகக் கட்டறதா இருந்தா வேண்டாம்."

"அதுக்கில்ல."

"பின்ன?"

"மணி ரெண்டு பேருக்கும் ஒரே தூரத்துல இருக்கணும்."

அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது, தலைத்துண்டை அப்போதுதான் அவிழ்த்து உதறினாள். நான் கட்டுவதற்காகக் குனிந்தேன். "குடுங்க, எனக்குக் கட்டிக்கத் தெரியும்" என்று கயிற்றை வாங்கி இடுப்பில் சுற்றி, விறகுக் கட்டுக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டாள். நான் மேலே என் வாசலுக்குப் போய், என் கயிற்றையும் வளையத்தில் கட்டி, பின்னால் சாய்ந்தேன். அவளும் சாய்ந்தாள். வளையம் இழுபட்டு, ஆகாயத்தில் ஏறி, நடுங்கி நடுங்கி நிலைத்தது. கம்பம் என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. பிறகு புறப்பட்டது. எலிசபெத் வாசலைத் தாண்டி, மரத்தடியைத் தாண்டி, வளையத்துக்கு நேர் கீழே போய் நின்றது. அவிழ்த்துவிட்டு அளந்தேன். எனக்கு நூற்று இருபது, அவளுக்கு நூற்று இருபது.

இரண்டு பேர் என்றால் கணக்கு எளிது. நான் இரண்டடி வைத்தால் கம்பம் ஓரடி வைக்கும், அவள் இரண்டடி வைத்தாலும் அப்படியே. அந்த மார்கழியில் மூடுபனி இறங்கி, பகலிலேயே எதிர் லைன் தெரியாமல் போனது, கொட்டகை தெரியவில்லை, புகைக்கும் பனிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாசலில் அசையாமல் உட்கார்ந்து கம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஓடைப்பக்கம் முப்பதடி சாய்ந்தால் அவள் அறுபதடி நடந்து தண்ணீருக்குப் போயிருக்கிறாள். கிழக்கே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து நின்றால் விறகு பொறுக்குகிறாள். இரண்டு நாள் அது சிறிதும் அசையவில்லை, காய்ச்சலோ என்று நான் எழுந்து நின்றேன், நான் ஒரு பக்கமாக நாலடி வைத்ததும் அதுவும் அந்தப் பக்கம் இரண்டடி போனது, சற்று நேரம் கழித்து அந்த இரண்டடியும் திரும்பி வந்தது. அவள் எதிர்ப்பக்கம் நாலடி வைத்திருக்கிறாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பதில் வந்துவிட்டதால் உட்கார்ந்துவிட்டேன். ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் அப்படி முப்பத்தேழு நாள் இருந்தோம். இருபத்தாறு வருஷத்தில் நான் ஓர் ஆளை அவ்வளவு கவனமாக எண்ணியது அந்த முப்பத்தேழு நாள்தான்.

முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பனி வாசற்படிவரை வந்திருந்தது, கம்பம் மட்டும் கறுப்புக் கோடாக நூற்று இருபது அடியில் தெரிந்தது. அது அசைந்தது. ஓடைப்பக்கம் போகவில்லை, கிழக்கே போகவில்லை. என்னைப் பார்த்து நேராக வந்தது. நூற்றுப் பத்து. வழியில் ஏதாவது எடுக்க வந்திருப்பாள், திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். நூறு. மரத்தடியில் சற்று நின்றது, மறுபடி வந்தது. தொண்ணூறு. அப்படியென்றால் அவள் அறுபதடி நடந்துவிட்டாள், எனக்கும் அவளுக்கும் நூற்றெண்பது.

நான் இப்படியே உட்கார்ந்திருந்தால் அந்த நூற்றெண்பதையும் அவளே நடக்க வேண்டும். அவளுக்கு அறுபத்தொன்று. மேல் லைன் ஏற்றம்.

எழுந்து வாசற்படியில் இறங்கினேன். குதிகாலையும் விரலையும் ஒட்டவைத்து ஓரடி வைத்தேன். கம்பம் நின்றது. இன்னோர் அடி வைத்தேன், அது என் பக்கமும் வரவில்லை, அவள் பக்கமும் போகவில்லை, இருந்த இடத்திலேயே நின்றது, பனிக்குள் எனக்குத் தெரியாமல் அவளும் என் அடிக்கு அடி வைத்துக்கொண்டிருந்தாள். நான் சற்று நின்றால் அவளும் நின்றாள், அது அசையாததில் தெரிந்தது. இருபது, நாற்பது, அறுபது. முழங்கால் வலித்தது. கிட்டப் போனதும் என்ன சொல்வது என்று யோசித்தேன், இந்தத் தடவையும் ஒன்றும் வரவில்லை, வராமலே இருக்கட்டும் என்று நடந்தேன்.

எழுபத்தொன்பதாவது அடியில் மூச்சு வாங்க நின்றேன். கம்பத்தில் தண்டவாளத் துண்டிலிருந்து பனி சொட்டுவது தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் பனி சுவராக நின்றது, இன்னும் எதுவும் தெரியவில்லை. தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கும் கம்பத்துக்கும் பதினோரு அடி. எனக்கும் அவளுக்கும் மீதி இருபத்திரண்டு.